நெட்டையரின் மாடும் எங்கள் செவலையும்

பிரண்டா, டென்மார்க்
16.03.2025

அன்புக் குஞ்சுவுக்குப் பெரியப்பா எழுதுவது.

பெரியம்மாவின் முழங்கால் நோ பழையபடிதான். குளிர் இன்னும் விட்டபாடில்லை, விடியக் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டுத்தான் அம்மன் கோயிலுக்குப் போகிறோம். நீ அனுப்பின குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் உன் குரலைக் கேட்கிற ஆசையில். பிறகு, சொன்னது முழுக்க விளங்கவில்லை என்று. கடைசித் தரம், பெரியம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்ன, பிள்ளை தகப்பனோட கொளுவிப்போட்டாளோ?" என்று கேட்டதால்.

கொளுவித்தான் போட்டாய். போனில் சொன்னால் ஒரு வசனம் முடிய முன்னம் குறுக்கே பாய்வாய், உன் அப்பாவும் சின்னனில் அப்படித்தான். கடிதத்துக்குள் பாய ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

அறிவியல்நகர் கம்பஸில் பட்டிமன்றம், 'காலநிலையைக் காப்பாற்ற இறைச்சிக்கும் பாலுக்கும் வரி வேண்டும்' என்பது தலைப்பு, நீ 'வேண்டும்' என்கிற கட்சி. நல்லது, சந்தோஷம். ஆனால் ஒத்திகை பார்க்க அப்பாவையா பிடித்தாய்? விடிய நாலு மணிக்கு எழும்பிப் பால் கறந்து, அந்தக் காசில் உன் அறை வாடகையைக் கட்டுகிற மனுஷன் அவன். அவனுக்கு முன்னால் நின்று "உங்கட மாடு விடுகிற ஏப்பம் ஒரு காருக்குச் சமம்" என்று சொன்னால், அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பாமல் என்ன செய்வான்? நீ சொன்ன கணக்கில் பெரிய பிழை இருக்காது. சொன்ன இடம் பிழை.

"டென்மார்க் செய்துபோட்டுது, நாங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்டாய். டென்மார்க் என்ன செய்தது என்பதை முதலில் சரியாய்ப் பிடி. இங்கே இறைச்சிக்கு வரி இல்லை, பிள்ளை. கடைக்குப் போய் மாட்டிறைச்சி வாங்குகிறவன் தனியாய் ஒரு சதமும் கட்டுவதில்லை. வரி, மாடும் பன்றியும் வளர்க்கிற பண்ணைக்காரருக்கு, அவற்றிலிருந்து வெளியேறுகிற வாயுவுக்கு. 2024 ஜூன் 24ஆம் திகதி இரவு மேசையில் உடன்பட்டார்கள், நவம்பர் 18இல் பாராளுமன்றக் கட்சிகள் பல சேர்ந்து அதை உறுதி செய்தன. வரி தொடங்குவது 2030இல். உலகத்தில் இப்படியொரு வரிக்கு உடன்பட்ட முதல் நாடு இதுதான் என்று எல்லா ரீவியிலும் சொன்னார்கள்.

அந்தக் கிழமை நெட்டையர் வீட்டுக்குப் போனேன். நெட்டையரை உனக்குத் தெரியும், பனிக்குள் எங்கள் கார் புதைந்தபோது உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுத்துவிட்டவர், படம் அனுப்பினேனே. 180 பால்மாடு வைத்திருக்கிறார். அவருடைய குசினி மேசையில் எப்பவும் ஒரு கோப்பிப் போத்தலும், வங்கிக் கடிதங்களும், மாட்டுக் காதில் குத்துகிற மஞ்சள் இலக்கத் தகடு ஒன்றிரண்டும் கிடக்கும். அன்றைக்கு சுப்பர்மார்க்கற் துண்டொன்றைத் திருப்பி வைத்து அதன் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினார். நீ விவசாயம் படிக்கிறவள், இதை அப்படியே குறித்துக்கொள்.

சராசரி டெனிஷ் பால்மாடு ஒன்று ஆண்டுக்கு 5.6 தொன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவை வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள். பெரும்பங்கு வயிற்றுக்குள் புல் புளிக்கும்போது உண்டாகிற மீத்தேன், அது ஏப்பமாய் வாயால் வருவது. (பின்பக்கத்தால் என்று சொல்லிப் பெடியள் சிரிப்பார்கள். திருத்திவிடு.) 2030இல் தொன்னுக்கு 300 குரோனர், 2035இல் 750. ஆனால் சராசரி அளவில் 60 வீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. 5.6இல் 3.36 போனால் மிச்சம் 2.24. 300ஆல் பெருக்கினால் மாட்டுக்கு 672 குரோனர். உங்கள் காசில் ஏறத்தாழ 30,000 ரூபாய். 2035இல் 1,680 குரோனர். நெட்டையரின் 180 மாட்டுக்கு முதல் வருடமே 1,20,960 குரோனர்.

துண்டின் முதுகில் அந்த இலக்கத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். பிறகு துண்டைத் திருப்பி, முன்பக்கத்தில் அவருடைய மனுசி வாங்கின மரக்கறிக் கொத்துக்கறியின் விலையைக் காட்டினார். பட்டாணியில் செய்தது. "வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது" என்றார். சிரித்தாரோ என்னவோ, அவர் முகத்தில் பிடிக்க ஏலாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழிக்கிற 60 வீதம் சராசரி மாட்டுக்குக் கணக்குப் பார்த்தது. உன் மாடு சராசரியைவிடக் குறைய விட்டால், கழிவு அப்படியே இருக்கும், வரி மட்டும் குறையும். நாற்பது வீதம் குறைத்துக் காட்டினவனுக்கு வரியே இல்லை. மாட்டைக் குறை என்று அரசாங்கம் சொல்லவில்லை, ஏப்பத்தைக் குறை என்கிறது. 2025 ஜனவரியிலிருந்து 50க்கு மேல் மாடு வைத்திருக்கிற சாதாரணப் பண்ணைகளுக்கு ஒரு சட்டமும் வந்திருக்கிறது: ஒன்றில் தீவனத்தில் கொழுப்பைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் மீத்தேனை அடக்குகிற ஒரு சேர்மானத்தை ஆண்டுக்கு 80 நாளாவது கலக்க வேண்டும். நெட்டையர் கொழுப்புப் பக்கம் போய்விட்டார். "பெயர் தெரிந்ததைக் குடுப்பம்" என்றார்.

என் பேரன், அதுதான் ஆர்குஸில் படிக்கிற பெரியவன், இந்தக் கணக்கைக் கேட்டுக் கொதித்துப் போனான். "அம்மப்பா, தொழிற்சாலைக்காரன் 2030இல் தொன்னுக்கு 750 கட்டுறான். மாட்டுக்காரனுக்குக் கழிவு போகக் கணக்குப் பார்த்தா 120. உது வரியோ, தாலாட்டோ?" அவனும் சரிதான். இந்த நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 60 வீதம் விவசாய நிலம். மனிதர் 60 லட்சம், பன்றி ஒரு கோடிக்கு மேல். 1990இல் இருந்த அளவில் 70 வீதத்தை 2030க்குள் குறைப்போம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றாலையைக் கட்டிக்கொண்டு பன்றியை மறந்துவிட்டால் அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் வராது.

அப்படியென்றால் சாப்பிடுகிறவனுக்கு ஏன் வரி போடவில்லை என்று நீ கேட்பாய், கேட்கத்தான் வேண்டும். அதையும் இவர்கள் ஒருக்கால் செய்து பார்த்தவர்கள். 2011 அக்டோபரில் கொழுப்பு வரி வந்தது. காலநிலைக்காக இல்லை, உடம்புக்காக. நிறைகொழுப்புக் கிலோவுக்கு 16 குரோனர், வெண்ணெய், சீஸ், இறைச்சி எல்லாவற்றிலும் ஏறியது. நாங்கள் என்ன செய்தோம்? சனிக்கிழமை விடிய எழும்பி ஜெர்மனிக்கு ஓடினோம். இங்கிருந்து பிளென்ஸ்பேர்க் ஒன்றரை மணித்தியாலம். கோயில் திருவிழாவுக்கு நெய் உருக்க வெண்ணெய் வாங்கப் போன வானில் நானும் போனேன், வரும்போது பின்சக்கரம் அமர்ந்துபோய் வந்தது. அம்பாளுக்கு வரி ஏய்ப்பு வெண்ணெயில் விளக்கெரித்த பாவம் என்னுடையது. 2013 ஜனவரி முதலாம் திகதியோடு அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, இங்கே வெட்டுகிற பன்றியில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. கோப்பன்ஹேகன் கடையில் வரி போட்டு, வெளிநாட்டில் பொரிபடுகிற துண்டைத் தொட முடியுமோ? அதனால் பண்ணை வாசலில் நின்று பிடிக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு அநியாயமும் இருக்கிறது. தின்கிறவன் ஊர் ஊராய் இருக்கிறான், வளர்க்கிறவன் ஒரே இடத்தில் இருக்கிறான். ஒரே இடத்தில் இருக்கிறவனைத்தான் வரிக்காரன் பிடிப்பான். பட்டிமன்றத்தில் எந்தக் கட்சியில் நின்றாலும் இதைச் சொல்லு.

இனி உனக்கு ஒரு விஷயம். அப்பாவுக்குத் தெரியும், நீ அறியாய்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1986இல். வந்து மூன்றாம் வருடம் பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் சேர்ந்து 23 வருடம் அதில்தான் நின்றேன். ஊரில் எல்லாரும் நான் 'இறைச்சிப் பெட்டி அடைக்கிற இடத்தில்' வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாச்சிக்கு நானே அப்படித்தான் எழுதினேன். வெள்ளியும் செவ்வாயும் விரதம், மச்சச் சட்டி வீட்டுக்குள் வராத குடும்பம், அவவின் மூத்த பெடியன் இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட்டுக்கொண்டு, குளிர் அறையில், கொளுவியில் தொங்கி வருகிற பாதிப் பன்றியில் விலாவைப் பிரித்துக்கொண்டு நின்றான். ஒன்றை முடித்து நிமிர முன்னம் அடுத்தது வந்து நிற்கும். வேலை முடிந்து வந்தால் பெரியம்மா கராஜில் உடுப்பைக் களற்றச் சொல்லுவா. நேராய்க் குளியலறை. பிறகுதான் சாமி அறைப் பக்கம் பார்ப்பேன். அப்பாச்சி கண் மூடும்வரைக்கும் அவவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏசியிருக்க மாட்டா, அதுதான் எனக்குக் கூடக் கஷ்டம்.

இப்போது பேரன் மச்சம் சாப்பிடுவதில்லை. அப்பாச்சி கடவுளுக்காகச் சைவம், இவன் பூமிக்காகச் சைவம். நடுவில் நான். அந்தப் பன்றிக் காசில்தான் உன் அப்பாவின் கிணற்றுக்கு மோட்டர் வந்தது, உன் மூத்த மாமியின் கலியாணம் நடந்தது, 2009க்குப் பிறகு கொட்டிலுக்குக் கூரை போட்டது. ஆகவே இறைச்சித் தொழிலைப் பற்றி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. நீயும் அந்த மோட்டரில் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான்.

அந்த ஜூன் இரவு மேசையில் யார் யார் இருந்தார்கள் தெரியுமோ? அரசாங்கம், பண்ணைக்காரரின் சங்கம், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழில் முதலாளிமார், உள்ளூராட்சிகள், உலோகத் தொழிலாளர் சங்கம், அதோடு எங்கள் யூனியன். ஓம், கத்தி பிடிக்கிறவர்களின் யூனியன், நான் 23 வருடம் சந்தா கட்டினது. மாடும் பன்றியும் குறைந்தால் வெட்டுகிறவனுக்கு வேலை போகும், அதனால் அவனுக்கும் ஒரு கதிரை. ரீவியில் எங்கள் யூனியன் பெயரைச் சொன்னபோது நான் எழும்பி நின்றுவிட்டேன். பெரியம்மா "என்ன, தேசிய கீதமோ?" என்று கேட்டா.

ஆனால் வேலை போவதற்கு வரியை மட்டும் பழி சொல்ல ஏலாது. வரி என்ற பேச்சே எடுபட முன்னம், குட்டிப் பன்றிகளை உயிரோடு லொறியில் ஏற்றிப் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அங்கே கூலி குறைவு. நான் நின்ற இடமும் அப்படித்தான் மெலிந்து மெலிந்து மூடப்பட்டது. அன்றைக்கு எங்களுக்கு ஒருவரும் கதிரை போடவில்லை.

வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டாய் என்றால், முதல் இரண்டு வருடத்துக் காசு, 2030இலும் 2031இலும் வருவது, தொழிலை மாற்றிக்கொள்ள உதவியாய் அந்தத் துறைக்கே திரும்புகிறது. இதைவிடப் பெரிய காசு நிலத்துக்கு: 4,300 கோடி குரோனரில் ஒரு நிதி. 2.5 லட்சம் ஹெக்டேயரில் புதிதாய்க் காடு வளர்ப்பது, பள்ளச் சதுப்பு நிலம் 1.4 லட்சம் ஹெக்டேயரைப் பயிரிலிருந்து எடுத்துத் திரும்பத் தண்ணீருக்கு விடுவது. வரியைப் பற்றித்தான் உலகம் கதைக்கிறது. எங்கள் யூலன்ட் பகுதியில் இருக்கிறவர்களுக்கு இந்த நிலக் கதைதான் நெஞ்சைக் கிள்ளுகிறது.

1864இல் டென்மார்க் ஒரு சண்டையில் தோற்றுத் தெற்குப் பக்கத்துப் பெரிய நிலத்தை இழந்தது. வெளியே இழந்ததை உள்ளே தேடுவோம் என்று 1866இல் டால்காஸ் என்றொரு பொறியியலாளரும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். யூலன்டின் தரவைக் காட்டை உழுது, சதுப்பை வடித்து வயலாக்குவது அதன் வேலை. பிரண்டா இருப்பது அந்த மண்ணில்தான். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற ஸ்கேர்ன் ஆற்றைக் கீழ்ப்பக்கத்தில் 1960களில் ஸ்கேல் வைத்துக் கோடு கீறின மாதிரி நேராக்கினார்கள், வயலுக்காக. பிறகு, வெள்ளமும் வண்டலும் பிரச்சினையாகி, 1999 தொடக்கம் 2002 மட்டும் இன்னொரு தரம் காசு கொட்டி அதே ஆற்றைத் திரும்பவும் வளைத்தார்கள்.

நெட்டையரின் பின்வளவில் ஆற்றுக் கிளையோரம் ஒரு பள்ள நிலம் இருக்கிறது. அதை வடித்தது அவருடைய பூட்டன். மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, சுட்ட களிமண் குழாயை ஒன்றோடொன்று முட்டவைத்து ஒரு கிலோமீற்றருக்குப் புதைத்தாராம். அந்தக் குழாயில் ஒன்று யன்னலோரம் பூச்சாடி மாதிரி நிற்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் ஓட்டு நிறம், உள்ளே சூளைக்காரனின் விரல் தடம். "என்ர பூட்டனுக்கு அரசாங்கம் இதைத் தாட்டதுக்குப் பதக்கம் குடுத்தது. எனக்கு இதைக் கிண்டி எடுக்கக் காசு தரப் போகுது" என்றார். கையெழுத்து வைப்பார் போலத்தான் தெரிகிறது. மகள் பல் வைத்தியம் படிக்கிறாள், மாட்டுக்கு வரமாட்டாள். வங்கிக் கடன் தலைக்கு மேல். வரி வராவிட்டாலும் அவருக்குப் பிறகு அந்தக் கொட்டிலில் விளக்கு எரியாது. அதை அவர் வாயால் சொல்லவில்லை. "வரியால்தான் விட்டேன்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதலோ என்று எனக்கொரு எண்ணம். இது பெரியப்பாவின் சொந்தச் சந்தேகம், மேடையில் சொல்லாதே.

மற்றப் பக்கத்தையும் கேள். 2024 ஏப்ரலில் வைலே என்ற ஊரில் கடலுக்குச் செத்தவீடு நடத்தினார்கள். விளையாட்டில்லை, உண்மையாய். வயலிலிருந்து ஓடிவருகிற நைதரசனால் பாசி பெருகி, பிராணவாயு இல்லாமல் அந்தக் கடல்நீரேரி செத்துப்போயிற்று என்று கரையில் கூடி அழுதார்கள். நாங்கள் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மீன் பிடித்தது அந்தத் தண்ணீரில்தான். பெரியம்மா அந்த மீனில் சரக்குத்தண்ணி வைப்பா. இப்போது கரையில் நின்றால் அவிஞ்ச முட்டை மணம். ஆகவே பண்ணைக்காரன் பாவம் என்ற ஒரே பாட்டை நான் பாட மாட்டேன். அவனுடைய வாய்க்காலால் போனதுதான் அங்கே கிடக்கிறது.

இனி உங்கள் பக்கம் வருவோம். 2021 ஞாபகம் இருக்கோ? நீ ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். சூழல், ஆரோக்கியம் என்று நல்ல நல்ல சொல்லெல்லாம் சொல்லி, ஜனாதிபதி ஒரே கையெழுத்தில் இரசாயன உரத்தை நிற்பாட்டினார். எந்தக் கமக்காரனைக் கேட்டார்? எந்த மேசை? அந்தப் போகம் அப்பாவின் வெங்காயம் குண்டுமணி மாதிரி வந்தது, படம் அனுப்பிவிட்டு ஒரு சொல்லும் எழுதாமல் விட்டான். நவம்பரில் தடையை எடுத்தார்கள், போன போகம் திரும்பி வரவில்லை. அப்பா உன்னோடு கோவித்தது மாட்டு ஏப்பத்துக்காக இல்லை, குஞ்சு. படித்தவர்கள் மேலேயிருந்து இன்னொரு நல்ல காரியம் கொண்டுவருகிறார்கள் என்று அவனுக்குப் பட்டிருக்கும், அதுவும் சொந்தப் பிள்ளையின் வாயால்.

டென்மார்க்கோ தன் மாட்டு வரிக்கு மேசையைப் போட்டு, நிபுணர் அறிக்கை எடுத்து, பேரம் பேசி, அதற்குப் பிறகும் 2030 மட்டும் தவணை குடுத்திருக்கிறது. நியூசிலாந்தில் என்ன நடந்தது பார். 2003இல் மாட்டு வாயுவுக்கு ஒரு அறவீடு என்று சொன்னவுடன் ஒரு எம்.பி. உழவு இயந்திரத்தைப் பாராளுமன்றப் படியில் ஏற்றினார். 2022இல் இன்னொரு அரசாங்கம் திரும்பவும் வரியென்று சொல்ல, திரும்பவும் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 2024 ஜூனில் புது அரசாங்கம் அதைக் கைவிட்டது, டென்மார்க் கை குலுக்கிய அதே மாதம். நீ ஹொஸ்டலில் கரைத்துக் குடிக்கிற பால்மாப் பெட்டியைத் திருப்பிப் பார், அனேகமாய் நியூசிலாந்து என்று போட்டிருக்கும். அங்கே வரி வந்திருந்தால் உன் தேத்தண்ணியும் கொஞ்சம் கட்டியிருக்கும்.

எதிர்க்கட்சி உன்னை மடக்கக்கூடிய இடம் ஒன்று சொல்லித் தருகிறேன். நெட்டையரின் மாடு நாளுக்கு 30 லீற்றர் அளவில் கறக்கிறது. உங்கள் மாடு நாலு, நல்ல புல்லுக் காலத்தில் ஐந்து. அப்போ ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்று பார்த்தால் அப்பாவின் மாடுதான் கூடக் குற்றவாளி. உலக உணவு விவசாய அமைப்பும் பொதுவாய் இதைத்தான் சொல்கிறது, கறவை குறைந்த இடங்களில் லீற்றருக்கு வாயு கூட. இதை அவர்கள் எடுக்க முன்னம் நீயே எடு. எடுத்துவிட்டுக் கேள்: நெட்டையரின் மாடு பால் மட்டும்தான். உங்கள் மாட்டின் சாணம் வெங்காயத் தறைக்குப் போகிறது, அது தின்கிற வைக்கோலும் பூவரசங்குழையும் மனுஷன் தின்ன ஏலாதது, சின்னம்மாவை ஆஸ்பத்திரியில் மறித்த கிழமை வித்தது நாம்பன் கன்று, வங்கிப் புத்தகம் இல்லை. இந்தக் கணக்கில் லீற்றருக்குக் கீழே எதைப் போட்டு வகுப்பது? எனக்கு விடை தெரியாது. உன் விரிவுரையாளரிடம் கேட்டு எழுது.

இரண்டு மாட்டுக்காரனையும் 180 மாட்டுக்காரனையும் ஒரே கயிற்றில் கட்டாத வரி என்றால் நானும் உன் கட்சிதான். டென்மார்க்கை உதாரணம் காட்டுவதென்றால் 672ஐ மட்டும் காட்டாதே, அந்த மேசையையும் காட்டு.

எங்கள் பழைய மாடு செவலையின் கதை அப்பா சொல்லியிருப்பான். 1995 அக்டோபர் 30, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்த இரவு. நான் இங்கே ரீவிக்கு முன்னால், செய்தியில் எங்கள் றோட்டு வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கொட்டிலுக்குள் போய்ச் செவலையின் கயிற்றை அறுத்துவிட்டானாம். அவிழ்க்க நேரமில்லை. அப்பாச்சி அதன் நெற்றியில் விபூதி பூசி, "எங்கயாவது போய்ப் பிழை" என்று சொன்னதாய் உன் மாமி சொல்வா. ஆறேழு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றடியில் செவலை நின்றது, கழுத்தில் அறுந்த கயிற்றோடு, கன்றுத்தாய்ச்சியாய். அந்த வழியில் வந்ததுதான் இப்போ நீ காருக்குச் சமம் என்று சொன்ன மாடு. போய் அப்பாவிடம் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடு. மன்னிப்பு என்றெல்லாம் கேட்காதே, அவனுக்குக் கூச்சம்.

இன்னொரு காரியம். இங்கே நெட்டையரின் கொட்டில் கழிவை ஒரு பவுசர் வந்து ஏற்றிக்கொண்டு போய் எரிவாயு எடுக்கிறது. இந்த நாட்டுக் குழாயில் ஓடுகிற வாயுவில் 40 வீதம் அளவில் இப்படிச் சாணத்திலும் குப்பையிலும் வந்ததுதான். வீட்டுக்கு ஒரு சின்னச் சாணவாயுத் தொட்டி கட்டுவதற்கு என்ன செலவென்று கிளிநொச்சியில் விசாரி, காசு நான் அனுப்புகிறேன். ஏப்பத்தை அது நிற்பாட்டாது, சாணத்தின் வாயுவை அடுப்புக்கு எடுக்கும், அவ்வளவுதான். அப்பாவிடம் காலநிலை என்ற சொல்லையே எடுக்காதே. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று கால் வீங்கினதை ஞாபகப்படுத்து, போதும்.

பெரியம்மா ஒடியல் மா கேட்கிறா. ஆராவது வந்தால் குடுத்துவிடு, தபாலில் போடாதே, போன தரம் பூச்சி பிடித்து வந்தது.

மறந்துபோனேன். பட்டிப்பொங்கலுக்கு நீ அனுப்பின படம், நாகுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டது, அதை நெட்டையருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி, போனை எட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "எத்தனையாம் இலக்கம்?" என்று கேட்டார். காதில் தகடு தேடியிருக்கிறார். இலக்கம் இல்லை என்றேன். தகப்பன் காலத்தில் தங்கள் கொட்டிலிலும் ஒவ்வொரு மாட்டுக்கு மேலேயும் பெயர் எழுதின பலகை தொங்கினதாம். பலகைகள் இன்னும் பரணில் கிடக்குதாம். பிறகு, "அப்ப இதின்ர பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, குஞ்சு. ஒவ்வொரு முறை காணும்போதும் கேட்கிறார். எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா